வழிகாட்டும் கருவியும் அளவை நூலும்

தனி ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்குவதா, கையிலிருக்கும் டேப்லெட்டில் ஒரு செயலியை இறக்கிக்கொள்வதா என்ற கேள்வி வழக்கமாக விலை, திரை, மின்கலம் என்ற கணக்கில் முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்குக்கு முன்னால் விடை வேண்டி நிற்பது அறிவைப் பற்றிய ஒரு கேள்வி. தான் கண்ணால் காணாத வழியைப் பற்றிக் கருவி சொல்வதை ஒருவர் எந்த உரிமையில் அறிவு என்று ஏற்றுக்கொள்கிறார்? இந்திய மெய்யியல் மரபுகள் இந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகள் வாதிட்டுப் பார்த்திருக்கின்றன. வடமொழியில் பிரமாணம் என்றும் தமிழில் அளவை என்றும் வழங்கும் ஆராய்ச்சி அதுதான்.

தமிழ் நூல்களிலும் இதற்கு நல்ல இடம் உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் அளவைவாதி, வியாசர், கிருதகோடி, சைமினி ஆகிய ஆசிரியர்கள் முறையே 10, 8, 6 அளவைகளைக் கொண்டதாகக் கூறுகிறான். 29ஆம் காதையில் அறவண அடிகள் காட்டும் பௌத்த முறையில் அளவை இரண்டே: காட்சி, கருதல். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பிறர் பத்து வரை எண்ணிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிவிடுகிறது. காண்டல் நேரில் அறிவது. கருதல் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உய்த்தறிவது. உரை நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது.

வழிகாட்டும் கருவி சொல்வது இவற்றுள் எது? ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முடியாது. திரையில் ஒரே படமாகத் தெரிவது மூன்று தனித்தனிக் கூற்றுகளால் ஆனது. நீ இருக்கும் இடம் இது என்பது முதல் கூற்று. இந்த இடத்தைச் சுற்றி இன்னின்ன சாலைகளும் ஆறுகளும் உள்ளன என்பது இரண்டாவது. இப்பக்கம் திரும்பு என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் அடித்தளம் வேறு.

இடத்தைச் சொல்வது அடிப்படையில் கருதல். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை முக்கியமாக அனுப்புவது தம் அணுக் கடிகாரத்தின் நேரமும் தாம் இருக்கும் இடத்தைக் கணிக்கும் விவரமும். கீழே இருப்பவர் எங்கே நிற்கிறார் என்பது அவற்றுக்குத் தெரியாது. குறிப்பலை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து ஒவ்வொரு கோளின் தூரத்தையும் கருவி கணக்கிடுகிறது. நான்கு கோள்கள் கிடைத்தால் அகலக்கோடு, நெடுக்கோடு, உயரம், தன் கடிகாரத்தின் பிழை ஆகிய நான்கையும் தீர்த்துவிடுகிறது. மைக்ரோ நொடி ஒன்று பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். சார்பியல் கோட்பாட்டின்படி கோளின் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடுவதால், அதையும் முன்கூட்டியே திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்ற உய்த்துணர்வே இது, சங்கிலிதான் நீளம்.

டேப்லெட்டில் இந்த முதல் கூற்றே வேறு தன்மை பெறலாம். ஐபேடுகளில் வைஃபை மட்டும் உள்ள வகைகளில் செயற்கைக்கோள் ஏற்பி கிடையாது. சிம் இணைப்புள்ள வகைகளில்தான் உண்டு. வாங்குபவர் பலர் கவனிக்காத வேறுபாடு இது. ஏற்பி இல்லாத டேப்லெட், அருகிலுள்ள வைஃபை நிலையங்களின் அடையாளத்தை ஒரு தரவுத்தளத்தில் தேடி, இந்த நிலையம் இன்ன தெருவில் உள்ளது என்று முன்பு யாரோ பதிந்ததை வைத்து இடத்தைச் சொல்கிறது. அதாவது கருதலின் அடியில் உரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. வைஃபை கருவியின் உரிமையாளர் வீடு மாறி அதையும் கையோடு கொண்டுபோயிருந்தால், பழைய உரை பொய்யாகிவிடும். ஊருக்கு வெளியே, சுற்றிலும் வைஃபை இல்லாத இடத்தில், சொல்ல எதுவுமே இருக்காது. ஏற்பி உள்ள டேப்லெட்டுக்கு இந்தக் குறை இல்லை. கைபேசிக் கோபுரம் எட்டாத இடத்திலும் அது தன் இடத்தைக் கண்டறியும். முதலில் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். கோள்களின் முழு அட்டவணையைக் குறிப்பலையிலிருந்தே பெற 12.5 நிமிடம் பிடிக்கும் என்பதால், அதை இணையம் வழியே நொடிகளில் பெற்றுக்கொள்ளும் வசதி டேப்லெட்டுக்குக் கூடுதல்.

வரைபடம் முழுக்க முழுக்க உரை. யாரோ அளந்தது, யாரோ தொகுத்தது, யாரோ பெயரிட்டது. தத்துவச் சிக்கலில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

உரை எப்போது அளவையாகும் என்பதற்குத் தருக்கத்தை ஆராய்ந்த நியாய மரபு தரும் விடை, சொல்பவர் ஆப்தராக இருக்கும்போது என்பது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரில் அறிந்தவரும் அறிந்தபடியே சொல்ல விரும்புபவருமே ஆப்தர் என்று வரையறுத்தார். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் அவர் சேர்த்துக்கொண்டது குறிப்பிடத்தக்கது. குலமோ புனிதமோ பார்க்கப்படவில்லை. திறமையும் நேர்மையும் மட்டும் பார்க்கப்பட்டன. பிற்கால வைணவ ஆசிரியர் ஜீவ கோஸ்வாமி மனிதச் சொல்லைக் கெடுக்கும் குறைகளை மயக்கம், கவனமின்மை, ஏமாற்றும் எண்ணம், பொறிகளின் குறை என நான்காகச் சொன்னார். கருவிக்கு விருப்பம் கிடையாது. ஆகவே அதை ஆப்தர் என்பது கண்டிப்பான பொருளில் பொருந்தாது. ஆனால் அதன் பின்னால் இருப்பவர்களுக்கு விருப்பம் உண்டு. தனிக் கருவியின் வரைபடம் பெரும்பாலும் விலைக்கு விற்கப்பட்டது. விற்றவருக்குப் பயணி எங்கே போகிறார் என்பதில் அதன்பின் அக்கறை குறைவு. 2009 அக்டோபர் 28 அன்று கூகுள் தன் கைபேசி வழிகாட்டியை இலவசமாக அறிவித்தபோது கார்மின், டாம்டாம் நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. இலவசமாகச் சொல்பவருக்குக் கேட்பவரின் பயணமே வருவாய்க்கு வழி. இதனால் அவர் பொய் சொல்வார் என்று ஆகிவிடாது. அறிந்தபடி சொல்ல வேண்டும் என்ற விருப்பத்தோடு வேறொரு விருப்பமும் கலந்திருக்கிறது என்பது மட்டும் உறுதி.

செயலியில் சொல்பவர் ஒரே ஒருவர் அல்லர். போக்குவரத்து நெரிசல் பற்றிய செய்தி, அதே சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் மற்றவர்களின் கைபேசிகளிலிருந்து திரட்டப்படுவது. அவர்கள் யாரும் சாட்சி சொல்ல நினைத்தவர்கள் அல்லர். 2020இல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 கைபேசிகளை ஒரு சிறு வண்டியில் வைத்து பெர்லின் தெருக்களில் இழுத்து நடந்தார். காலியான தெருவைச் செயலி நெரிசல் என்று சிவப்பாகக் காட்டியது. பல வாய்கள் ஒன்றைச் சொன்னால் அது உண்மை என்று கொள்ளும் பழக்கத்துக்கு இது நல்ல பாடம்: அந்த 99 வாய்களுக்கும் பின்னால் இருந்தது ஒரே கை. இருந்தாலும் நகரத்தில் இந்தத் திரட்டு பெரும்பாலும் சரியாகவே அமைகிறது, நெரிசலை அறியும் திறன் வெளியிலிருந்து போக்குவரத்துச் செய்தி பெறாத தனிக் கருவிக்கு இல்லவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேட்ட சொல்லைச் சோதித்த பிறகு நம்புவதா, நம்பிவிட்டுப் பிழை கண்டால் கைவிடுவதா? வேத விளக்க மரபான மீமாம்சையில் குமாரில பட்டர் இரண்டாவதைச் சொன்னார். அறிவு தானாகவே சான்றுடையது. அதை மறுக்கும் காரணம் வெளிப்படும்வரை சந்தேகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் இன்னொன்றால் சோதிக்க வேண்டுமானால் சோதனைக்கும் சோதனை வேண்டும், முடிவே வராது. நியாயவாதிகள் மறுத்தார்கள். அறிவின் சான்று வெளியிலிருந்து வருகிறது. தண்ணீர் என்று கண்டதை அருந்தித் தாகம் தணிந்தபோதுதான் கண்டது சரி என்று ஆகிறது. செயலியைத் திறந்தவுடன் கிளம்பிவிடும் ஓட்டுநர் அறியாமலே மீமாம்சகர். பழகிய ஊரில் இதனால் நட்டம் ஏதுமில்லை. பழகிய விஷயத்தில் தனிச் சோதனை வேண்டாம், பழகாத விஷயத்தில் செயலில் இறங்கும் முன்பே வேண்டும் என்று பின்னாளைய நியாயம் செய்த வேறுபாடு பயணத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. பாலைவனத்தில் தண்ணீரை அருந்திப் பார்த்துச் சோதிக்கலாம் என்று காத்திருக்க முடியாது.

இதே மரபில் இன்னொரு வாதமும் உண்டு. வேதத்தின் சொல்லை எப்படி நம்புவது என்பதற்கு நியாய சூத்திரம் ஆயுர்வேதத்தைச் சான்று காட்டுகிறது. மருந்து பலிப்பதை இங்கேயே பார்க்கிறோம். பார்க்க முடிந்தவற்றில் சரியாகச் சொன்னவர், பார்க்க முடியாதவற்றிலும் சரியாகச் சொல்வார். செயலியை நம்புவதும் இதே வகை வாதத்தால்தான். நகரத்தில் நூறு முறை சரியாகச் சொன்னது, ஆகவே காட்டிலும் சரியாகச் சொல்லும். வாதம் நிற்க வேண்டுமானால் இரண்டு இடத்திலும் சொல்பவர் ஒருவராக இருக்க வேண்டும். 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை, புதிதாக வெளிவந்திருந்த ஆப்பிள் வரைபடத்தைப் பற்றி மக்களை எச்சரிக்க நேர்ந்தது. மில்டூரா என்ற நகரத்துக்குக் கிளம்பியவர்களை அது நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, மர்ரே சன்செட் தேசியப் பூங்காவின் நடுவே கொண்டுபோய் விட்டது. தண்ணீர் கிடைக்காத, வெப்பம் 46 டிகிரியைத் தொடக்கூடிய இடம். சிலர் 24 மணி நேரம்வரை சிக்கித் தவித்தார்கள். அரசின் இடப்பெயர்ப் பட்டியலிலேயே மில்டூராவுக்கு நகரம் என ஒரு பதிவும், அதைச் சூழ்ந்த பெரிய உள்ளாட்சிப் பகுதி என மற்றொரு பதிவும் இருந்ததாகப் பின்னர் செய்தி வந்தது. திரையும் குரலும் ஒன்றுதான். அந்த இடத்தைப் பற்றி உண்மையில் பேசியவர் வேறு. தனிக் கருவியும் இந்தக் குறைக்கு விலக்கல்ல. ஆனால் அதன் வரைபடத்துக்கு ஒரு பெயரும் ஆண்டும் இருக்கும். நான்கு ஆண்டு பழையது என்று தெரிந்தால் பயணி அதற்கேற்ப எச்சரிக்கையாக இருக்கலாம். செயலியின் வரைபடம் பல காலங்களில் பலர் சொன்னதன் கலவை, எல்லாம் இன்றைய தேதியிட்டதுபோல் தோற்றம் தரும்.

மூன்றாவது கூற்றான திரும்பு என்பது அறிவிப்பு அல்ல, ஏவல். மீமாம்சை வேதத்தின் உயிர் விதிவாக்கியங்களில் இருப்பதாகக் கொண்டது. விதியை ஆராய்ந்த அளவுக்கு வேறெதையும் அது ஆராயவில்லை. அதன்படி விதி எல்லோரையும் கட்டாது. இன்ன பயனை விரும்புபவன் இன்ன வேள்வியைச் செய்க என்பது விதியின் பொதுவான வடிவம். அந்தப் பயனை விரும்பாதவனுக்கும், செய்யும் தகுதி இல்லாதவனுக்கும் அது உரியதல்ல. இந்தத் தகுதியை அதிகாரம் என்றார்கள். வழிகாட்டியின் ஏவலிலும் சொல்லாத ஒரு பயன் ஒளிந்திருக்கிறது, பெரும்பாலும் குறைந்த நேரம். 2021இல் கூகுள், நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எரிபொருள் குறைவாகச் செலவாகும் பாதையை முன்னிறுத்தும் முறையை அமெரிக்காவில் தொடங்கியது. நல்ல நோக்கம்தான். பயனைத் தீர்மானித்தவர் பயணி அல்லர் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

தகுதி பற்றிய பிழை இன்னும் கண்கூடானது. பொதுச் செயலியின் ஏவல் காருக்கு உரியது. அதைக் கேட்டு வரும் லாரி, ரயில் பாலத்தின் கீழ் உள்ள தாழ்வான சப்வேயில் மாட்டிக்கொள்கிறது. லாரிகளுக்கென்றே செய்யப்படும் தனிக் கருவிகள் வண்டியின் உயரத்தையும் எடையையும் முதலில் கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்த பாதையையே சொல்கின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே கனரக வாகனம் ஓட்டுபவருக்குத் தனிக் கருவி, அல்லது லாரிக்கென்றே எழுதப்பட்ட செயலி, தக்க தேர்வாகிறது.

விதிக்குப் பின்னால் ஆசிரியர் இல்லை என்பதும் ஒப்பிடத்தக்கது. வேதம் யாராலும் இயற்றப்படாதது, ஆகவே இயற்றியவரின் குறை அதில் ஏற வழியில்லை என்று மீமாம்சகர் வாதிட்டார்கள். செயலி காட்டும் பாதையையும் தனியொருவர் வகுக்கவில்லை; கணிப்புமுறை வகுக்கிறது. இவ்வகை முறைகளில் புகழ்பெற்ற ஒன்றை டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டார். ஆனால் எந்தச் சாலைக்கு எவ்வளவு எடை என்று அந்த முறைக்கு ஊட்டியவர்கள் மனிதர்கள். ஆசிரியர் தெரியவில்லை என்பதால் ஆசிரியர் இல்லை என்று ஆகாது.

இதுவரை சொன்னதெல்லாம் கருவி இயங்கும்போது. அறியாதபோது கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதே தேர்வில் அதிக எடை பெற வேண்டிய கேள்வி. 1995 ஜூன் 10 இரவு ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல், பெர்முடாவிலிருந்து பாஸ்டன் செல்லும் வழியில் நான்டுக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் ஏறி நின்றது. 1,509 பேர் இருந்தார்கள், யாருக்கும் காயமில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து எழுதியது அளவை நூலுக்கு ஓர் உதாரணம்போல் இருக்கிறது. கப்பல் கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஎஸ் கருவியின் ஆண்டெனாக் கம்பி கழன்றுவிட்டது. கோள்களைக் கேட்க முடியாமல் போன கருவி, கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து வேகத்தையும் திசையையும் கொண்டு இடத்தை ஊகிக்கத் தொடங்கியது. காற்றும் நீரோட்டமும் கப்பலை மேற்கே தள்ளியது அந்த ஊகத்தில் சேரவில்லை. எச்சரிக்கை ஒலி ஒரு நொடி கேட்டது. அதன்பின் திரையின் மூலையில் சிறிய அளவில், ஊகக் கணிப்பைக் குறிக்கும் டி.ஆர். என்ற எழுத்துகள் நின்றன. எண்கள் முன்போலவே ஓடின. சுமார் 34 மணி நேரம் மாலுமிகள் அந்த எண்களை நம்பினார்கள். முடிவில் கப்பல் 17 மைல் விலகியிருந்தது.

கோள் வழிக் கணிப்பும் வெறும் ஊகமும் ஒரே திரையில் ஒரே முகத்தோடு நின்றதுதான் விபத்தின் வேர். இடையில் காட்சியும் குறுக்கிட்டது. பாதையில் எதிர்பார்த்த மிதவை ஒன்று எதிர்பார்த்த நேரத்தில் ராடாரில் தெரிந்ததாக எண்ணினார்கள். உண்மையில் அது வேறொரு மிதவை. பாலைவனத்தில் கானலைக் கண்டு தண்ணீர் என ஓடியவன், அந்த இடத்தில் பாறைக்கடியில் உண்மையாகவே தண்ணீரைக் கண்டால் அவனுடைய முதல் எண்ணம் அறிவாகுமா என்று, எட்டாம் நூற்றாண்டின் பௌத்த அளவையாளர் தருமோத்தரர் பெயரோடு வழங்கும் எடுத்துக்காட்டு கேட்கிறது. எண்ணியது பலித்தாலும் சரியான காரணத்தால் பலிக்கவில்லை என்றால் அறிவாகாது என்பது அதன் கருத்து. மாலுமிகளுக்கு நேர்ந்தது அதைவிட மோசம்: தவறான ஊகத்துக்குத் தவறான காட்சி ஒத்துப்போனது. நீரின் நிறம் மாறுவதை காவலர்கள் பார்த்துச் சொன்னார்கள், யாரும் பொருட்படுத்தவில்லை. ஆழமானியின் எச்சரிக்கை அளவு 0 மீட்டரில் வைக்கப்பட்டிருந்ததால் அதுவும் வாய் திறக்கவில்லை.

கணிப்பையும் ஊகத்தையும் ஒரே முகத்தோடு காட்டும் குறையைப் பின்வந்த கருவிகள் ஓரளவு திருத்திக்கொண்டன. செயலிகளில் நீலப் புள்ளியைச் சுற்றி விரியும் வெளிர் வட்டம், இடம் எவ்வளவு உறுதியற்றது என்பதைச் சொல்கிறது. மலையேறுபவர்கள் கையில் எடுத்துச் செல்லும் தனிக் கருவிகள் கோள்களின் எண்ணிக்கையையும் பிழையின் அளவையும் தனிப் பக்கத்தில் காட்டும். ஆனால் வழிகாட்டும் நிலைக்குப் போனவுடன் அந்த நேர்மை பெரும்பாலும் மறைந்துபோகிறது. கணித்த இடம் சாலையிலிருந்து 15 மீட்டர் தள்ளி விழுந்தாலும், செயலியும் காரில் பொருத்தும் கருவியும் அம்புக்குறியைச் சாலையின்மீது ஒட்டிவைத்துவிடும். வரைபடத்தின் உரை, கோள்களின் கருதலை விஞ்சிவிடுகிறது. இணைச் சாலைகளும் மேம்பாலங்களும் உள்ள இடங்களில் குழப்பம் வருவது இதனால்தான்.

தனிக் கருவி, டேப்லெட் இரண்டையும் எடுத்துச் சென்றால் என்ன? ஒன்றுக்கு ஒன்று சாட்சி என்று நினைப்பது இயல்பு. ஆனால் இரண்டும் ஒரே கோள்களையே கேட்கின்றன. 2013இல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று, உரிமையாளரின் சம்மதத்தோடு, மத்தியதரைக் கடலில் ஒரு பெரிய சொகுசுப் படகுக்குப் போலிக் குறிப்பலைகளை மெல்ல மெல்ல வலுவாக்கி அனுப்பி அதைத் திசைமாற்றிக் காட்டியது. எந்த எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. அத்தகைய இடத்தில் இன்னொரு டேப்லெட் இருந்திருந்தால் அதுவும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும். ஒரு மூலத்திலிருந்து கேட்ட இருவர் இரண்டு சாட்சிகள் ஆகமாட்டார்கள். வரைபடத்தில் மட்டும் இரு கருவிகளும் வேறு வேறு தொகுப்பாளர்களைச் சார்ந்திருந்தால் ஒப்பிடுவதில் பயன் உண்டு.

தேர்வு எவ்வளவு தூரம் இடத்தைப் பொறுத்தது என்பதற்குப் பாக் நீரிணை நல்ல உதாரணம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976இல் செய்த ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லைக்கு நீரில் எந்த அடையாளமும் கிடையாது. எல்லையைத் தாண்டியதாகக் கூறிப் படகுகள் பிடிக்கப்படுகின்றன. இங்கே காட்சிக்கு இடமேயில்லை. எல்லை முழுக்க உரையால் ஆனது, அதை அடைய உதவுவது கருதல். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி கடல்நிலை முன்னறிவிப்பையும் எல்லை நெருங்கும்போது எச்சரிக்கையையும் தருகிறது. முன்னறிவிப்புக்கு இணையம் வேண்டும். கரையைவிட்டு விலகியதும் கோபுரம் எட்டாது. எல்லைக் கோட்டைக் காட்ட இணையம் வேண்டியதில்லை. தொடுதிரை உப்புநீர் பட்ட விரலுக்கு அடங்குவதில்லை. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்ப வரம்பு 35 டிகிரி, வெயிலில் கிடக்கும் படகில் அது சீக்கிரம் கடந்துவிடும். பொத்தான் வைத்த தனிக் கருவி, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் தரத்தில் கிடைக்கிறது. மீன் கிடைக்கும் கடலடித் திட்டுகளான பார்களின் புள்ளிகளை மீனவர்கள் அதில்தான் சேமித்துவைக்கிறார்கள். அந்தப் புள்ளிகளின் வரிசை பிறர் உரை அல்ல. தானே போய்க் கண்டு, தானே குறித்துக்கொண்டது. ஆகவே கடலுக்குத் தனிக் கருவியே முதல் கருவி, கரையிலிருந்து கிளம்பும் முன் முன்னறிவிப்பு பார்க்கச் செயலி. கோள்களைச் சாராத மூன்றாவது அளவையாக ஆழமும், கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கும் பழைய முறையும் இருக்கின்றன. அவை எல்லைக் கோட்டைச் சொல்லமாட்டா, படகு பாரின்மேல் நிற்கிறதா என்பதைச் சொல்லும்.